பழைய வேட்டியில் குழந்தைக்குத் துடைதுணி: வாசகர் கேள்வி–பதில்

கடைகளில் பொட்டலமாக விற்கப்படும் வெட் வைப்ஸுக்குப் பதிலாக, துவைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் துணிகளை வீட்டிலேயே தைத்துக்கொள்வது பற்றிச் சென்னை வாசகர்கள் பலர் எழுதியிருப்பதால், இவ்விதழின் பகுதி முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். என் மகளின் இரண்டு பிரசவங்களின்போதும் இத்துணிகளைத் தைத்தும் துவைத்தும் பழகியதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தைப்பது ஒரு பிற்பகல் வேலை. துவைப்பதும் உலர்த்துவதும்தான் இரண்டு ஆண்டுகளுக்குத் தினமும் தொடரும் வேலை. பதில்களிலும் அதற்கே அதிக இடம் போயிருக்கிறது.

எனக்கு இது ஏழாம் மாதம். மாமனாரின் பழைய எட்டு முழ வேட்டிகள் நான்கைந்து எங்கள் பீரோவில் மடித்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கொண்டு குழந்தைக்குத் துடைதுணி தைக்க விரும்புகிறேன். என்ன அளவில், எத்தனை தைக்க வேண்டும்?
— வாசகி, பெரம்பூர்

அளவைச் சொல்வதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறீர்களா? அந்துருண்டை என்றும் சொல்லப்படும் அந்த வெள்ளை உருண்டை பல வீடுகளில் நாப்தலீன் என்னும் வேதிப்பொருளால் ஆனதாகவே இருக்கும். அது மெல்ல ஆவியாகித் துணியின் இழைகளில் ஏறிக்கொள்ளும். இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதி சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும்; ஆண் குழந்தைகளிடம் இக்குறை அதிகம் காணப்படுகிறது. அத்தகைய குழந்தையின் உடலில் தோல் வழியாகவோ மூச்சு வழியாகவோ நாப்தலீன் சேர்ந்தால் சிவப்பணுக்கள் உடைந்து, கடுமையான மஞ்சள் காமாலையும் இரத்தச்சோகையும் ஏற்படலாம். குழந்தைக்கு அக்குறை உண்டா என்பது பரிசோதனை செய்தாலன்றித் தெரியாது. ஆகவே உருண்டையோடு இருந்த வேட்டி எவ்வளவு மென்மையாக இருந்தாலும் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்கு வேண்டாம். இரண்டு முறை அலசி வெயிலில் போட்டால் போய்விடும் என்று வீட்டில் சொல்லக்கூடும். மூக்குக்கு வாசம் தெரியவில்லை என்பதனாலேயே அப்பொருள் முழுவதும் போய்விட்டது என்று கொள்ள முடியாது. மற்ற எதில் வேண்டுமானாலும் பெரியவர்கள் சொற்படி நடந்துகொள்ளுங்கள், இதில் மட்டும் பணிவாக மறுத்துவிடுங்கள்.

உருண்டை படாத வேட்டியாக இருந்தால், அதைவிட நல்ல துணியை எந்தக் கடையிலும் நீங்கள் வாங்க முடியாது. பல ஆண்டுகள் துவைக்கப்பட்ட பருத்தியில் கஞ்சி இராது, ஆலையில் ஏற்றிய மெருகும் இராது; இழைகள் தளர்ந்திருப்பதால் தொட்டவுடன் தண்ணீரை உறிஞ்சும். ஆனால் பாலியஸ்டர் கலந்த வேட்டிகளும் புழக்கத்தில் உண்டு என்பதால், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் வைத்து எரித்துப் பாருங்கள். பருத்தி நூல் காகிதம் எரிவது போன்ற வாசத்துடன் எரிந்து, விரலால் தொட்டால் பொடியாகும் சாம்பலை விடும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியபின் கெட்டியான மணியாக நிற்கும். கலப்புத் துணி தண்ணீரை உறிஞ்சாமல் தோலின் மீது அழுக்கைத் தேய்த்துப் பரப்புமேயன்றி எடுக்காது.

தைத்து முடித்தபின் 20 சென்டிமீட்டர் சதுரமாக, அதாவது 8 அங்குலமாக இருப்பது கைக்கு அடக்கமான அளவு. இரண்டு அடுக்காகத் தைத்தால் மலம் கைக்கு ஊறி வராது. அதற்கு 22 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்ட வேண்டும். எட்டு முழ வேட்டி ஏறக்குறைய 3.60 மீட்டர் நீளமும் 1.25 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலமும் இருக்கும். கரையைக் கத்தரித்துத் தள்ளிவிட்டு நீளவாக்கில் 16, அகலவாக்கில் 5 என வெட்டினால் 80 சதுரங்கள் கிடைக்கும், இரண்டடுக்காக 40 துணிகள் ஆகும். பழைய வேட்டியில் உட்காரும் இடம் நைந்திருக்கும் என்பதால் அவ்விடத்தைத் தவிர்த்தால் முப்பத்தைந்து தேறலாம். பிறந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை வரை துணி மாற்ற நேரிடும். சிறுநீர் மட்டும் என்றால் ஒரு துணியும், மலம் என்றால் இரண்டு மூன்றும் செலவாகும். ஒரு நாளைக்கு இருபது என்று வைத்து, ஒரு நாள் துணி கொடியில் காயும்போது அடுத்த நாளுக்குக் கையில் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டால் நாற்பது போதும். குழந்தை ஐப்பசி, கார்த்திகையில் பிறக்கும் என்றால் அறுபதாக வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைக் கீழே திருவொற்றியூர் வாசகருக்கு எழுதிய பதிலில் சொல்லியிருக்கிறேன்.

வெட்டுவதற்கு முன் வேட்டியை வெந்நீரில் ஒரு முறை துவைத்துக் காயவைத்துவிடுங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். இரண்டு சதுரங்களின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, ஓரத்திலிருந்து 1 சென்டிமீட்டர் உள்ளே தள்ளிச் சுற்றிலும் தையுங்கள். ஒரு பக்கத்தில் மூன்று விரல் நுழையும் அளவு திறந்து விடுங்கள். நான்கு மூலைகளிலும் தையலைத் தொடாமல் துணியைச் சாய்வாகக் கத்தரித்துவிட்டு, திறப்பின் வழியாகத் துணியைப் புரட்டி எடுங்கள். பின்னர் விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் ஒரு தையல் ஓட்டினால் திறப்பும் மூடிக்கொள்ளும். நடுவில் மூலைக்கு மூலை ஒரு தையல் போடுவதை விட்டுவிடாதீர்கள்; அது இல்லையென்றால் பத்துச் சலவைக்குள் உள் அடுக்கு நகர்ந்து முடிச்சாகிவிடும். முகம், வாய் துடைக்க வெள்ளை நூலாலும், கீழே துடைக்கச் சிவப்பு நூலாலும் தைத்துவிட்டால், நடு இரவில் யார் எடுத்தாலும் இரண்டும் மாறிப் போகாது.

பழைய வாயில் சேலைகளும் கட்டம் போட்ட கைலிகளும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தலாமா?
— வாசகி, இராயபுரம்

சாயம் ஊறாவிட்டால் பயன்படுத்தலாம். வெள்ளைத் துணி ஒன்றை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, சேலையின் மீது இருபது முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அது குழந்தைக்கு ஆகாது. நம் ஊரின் பெயரையே தாங்கி அயல்நாடுகளுக்குப் போன மெட்ராஸ் கட்டத் துணி, சலவைக்குச் சலவை சாயம் கசிவதற்கே பெயர் பெற்றிருந்தது என்பதை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன். வாயில் துணி மெல்லியது என்பதால் மூன்று அடுக்காகத் தையுங்கள். ஜரிகை ஓரத்தைச் சிறிதும் விடாமல் வெட்டி எடுத்துவிட வேண்டும்.

எழும்பூர் பாந்தியன் சாலைத் துணிக் கடைகளில் ஃபிளானல் வாங்கி முப்பது துணிகள் தைத்தேன். பார்க்க மிக அழகாக இருக்கின்றன. ஆனால் தண்ணீரில் போட்டால் நனையாமல் மேலேயே மிதக்கின்றன. துணி போலியானதா?
— வாசகி, மேடவாக்கம்

பெரும்பாலும் துணியின் மீது குற்றம் இராது. புதிய பருத்தித் துணியில் நெசவின்போது ஏற்றிய கஞ்சியும், பருத்திக்கே இயல்பான மெழுகும், விற்பனைக்காகப் பூசிய மெருகும் சேர்ந்திருக்கும். இவை போகும் வரை தண்ணீர் உள்ளே நுழையாது. என் மகளின் முதல் பிரசவத்துக்கு நானும் கோராத் துணியைப் புதிதாக வாங்கி, ஒரே ஒரு முறை அலசிவிட்டுத் தைத்துக் கொடுத்தேன். குழந்தையைத் துடைத்தபோது தண்ணீர் தோலில் வழிந்ததே தவிர, துணி எதையும் எடுக்கவில்லை. பச்சை உடம்புக்காரியான மகள் அந்த இரவு பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. மறுநாள் அத்தனை துணிகளையும் பெரிய அண்டாவில் சிறிது சலவைத் தூளுடன் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, நுரை போகும் வரை அலசி உலர்த்தினேன். இதையே மூன்று முறை செய்த பிறகுதான் அவை உறிஞ்சத் தொடங்கின. நீங்களும் அப்படியே செய்யுங்கள். துணியை மிருதுவாக்கும் என்று விற்கப்படும் திரவத்தை ஒருபோதும் சேர்க்காதீர்கள்; அது இழைகளின் மீது எண்ணெய் போன்ற படலத்தை விட்டு, உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். மூன்று முறை கொதித்த பின்பும் மிதந்தால், மேலே சொன்ன நூல் சோதனையைச் செய்து பாருங்கள்.

தையல் இயந்திரம் இல்லை. கையால் தைக்கவும் நேரம் இல்லை. வேறு வழி உண்டா?
— வாசகி, கொளத்தூர்

உண்டு. பழைய பருத்தி பனியன் துணி பின்னல் துணி என்பதால் வெட்டிய ஓரம் சற்றுச் சுருளுமே தவிர நூல் பிரியாது; வெட்டி அப்படியே பயன்படுத்தலாம். நெய்த துணியாக இருந்தால், சேலைக்கு பீகோ அடித்துக் கொடுக்கும் கடையில் கொடுத்து ஓரம் அடித்து வாங்குங்கள் அல்லது ஓவர்லாக் போடச் சொல்லுங்கள். அங்கே வழக்கமாக ஓடும் பளபளப்பான நூல் விளிம்பில் விறைத்து நின்று குழந்தையின் தொடையிடுக்கை உராயும் என்பதால், பருத்தி நூல் போடும்படி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

துணியை நனைக்க எந்தத் திரவம் நல்லது? தேங்காய் எண்ணெய், குழந்தைச் சோப்பு, சோற்றுக் கற்றாழை, தேயிலை மர எண்ணெய், சமையல் சோடா என ஒவ்வொருவர் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள். என் தாயார் தண்ணீரில் கிருமிநாசினி சில சொட்டுகள் விட வேண்டும் என்கிறார். துணிகளை முன்பே நனைத்து டப்பாவில் அடுக்கி வைக்கலாமா?
— வாசகி, வேளச்சேரி

தண்ணீர் போதும். காய்ச்சி ஆறவைத்த வெதுவெதுப்பான வெறும் தண்ணீரைத் தவிர வேறெதுவும் பச்சிளங்குழந்தைக்குத் தேவையில்லை. இதைச் சொன்னால் ஏதோ குறை வைத்துவிட்டதைப் போலப் பலருக்குத் தோன்றுகிறது என்பதால், ஒவ்வொன்றையும் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று சொல்கிறேன். உங்கள் தாயார் அக்கறையினால்தான் சொல்கிறார். ஆனால் காயத்தையும் தரையையும் சுத்தம் செய்யும் கிருமிநாசினி, அலசாமல் தோலிலேயே தங்கும்போது, அதுவும் டயப்பருக்குள் காற்றுப்படாமல் மூடப்பட்டிருக்கும்போது, எரிச்சலையும் புண்ணையும் உண்டாக்கும். சமையல் சோடா புண்பட்ட தோல் வழியாக உடலுக்குள் சென்று இரத்தத்தின் உப்புச் சமநிலையைக் குலைக்கக்கூடியது. தேயிலை மர எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்கள் தோல் ஒவ்வாமையை ஏற்படுத்தும். செடியிலிருந்து எடுத்த கற்றாழையின் மஞ்சள் பாலும் தோலை அரிக்கும். சோப்பு கலந்த நீரால் துடைத்துவிட்டு அலசாமல் விடுவது, குளிப்பாட்டிச் சோப்பைக் கழுவாமல் விடுவதற்குச் சமம்.

தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் இரண்டு இடங்களில் வேலை இருக்கிறது. பிறந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் குழந்தை கழிக்கும் கரும்பச்சை நிற மலம் தார் போல ஒட்டிக்கொள்ளும். தண்ணீரால் தேய்த்தால் தோல்தான் சிவக்கும். உலர்ந்த துணியில் சில சொட்டு எண்ணெய் விட்டு மெதுவாக வழித்தெடுத்தால் வந்துவிடும். அதற்கு நீங்கள் தைத்த நல்ல துணிகளைப் பயன்படுத்தாமல் பழந்துணிக் கிழிசல்களை வைத்துக்கொண்டு, பயன்படுத்தியதும் எறிந்துவிடுங்கள். மருத்துவர் சொல்லித் தடவும் துத்தநாகக் களிம்பையும் எண்ணெயே எளிதாக எடுக்கும். அக்களிம்பு ஒவ்வொரு முறையும் முழுவதுமாகப் போக வேண்டும் என்பதில்லை, அழுக்குப் பட்ட மேல் பகுதியை மட்டும் எடுத்தால் போதும்.

துணிகளை முன்பே நனைத்து டப்பாவில் அடுக்கி வைப்பதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கடைப் பொட்டலம் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது அதிலுள்ள பதப்படுத்திகளால். அவற்றுள் ஒன்றான மெத்தில்ஐசோதயாசோலினோனை அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. கழுவாமல் தோலிலேயே விடும் அழகுப் பொருட்களில் அதைச் சேர்ப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடை விதித்தது. உங்கள் டப்பாவில் அத்தகைய பொருள் எதுவும் இல்லை. அது நல்லதுதான் என்றாலும், சென்னையின் வெக்கையில் ஈரத்துணி ஒரே நாளில் நாற்றமெடுத்து, இரண்டாம் நாள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பதும் அதனால்தான். துணிகளை உலர்ந்த நிலையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான நீரையும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தையும் வைத்து, அவ்வப்போது நனைத்துப் பிழிந்து பயன்படுத்துவதே நல்ல வழி. நனைத்த துணியைக் கன்னத்தில் வைத்துச் சூட்டைப் பார்த்துவிட்டுப் பிறகு குழந்தையைத் தொடுங்கள்.

எப்படித் துவைத்தாலும் துணிகளில் ஒரு நாற்றம் தங்கிவிடுகிறது, சொரசொரப்பாகவும் ஆகிவிட்டன. எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். மழைக்காலத்தில் என்ன செய்வது?
— வாசகர், திருவொற்றியூர்

தந்தை ஒருவர் இதைக் கேட்டு எழுதியிருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கேட்டவற்றுள் மிகவும் தேவையான கேள்வியும் இதுதான்.

நாற்றத்துக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கும். அழுக்குத் துணிகளை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, நேரம் கிடைக்கும்போது துவைக்கலாம் என்று விடுவது ஒன்று. நம் வெயிலில் அந்தத் தண்ணீர் அரை நாளிலேயே கெட்டுவிடும். மேலும், தவழத் தொடங்கிய குழந்தை இருக்கும் வீட்டில் தண்ணீர் நிரம்பிய வாளியே ஆபத்து. தலைகுப்புற விழுந்த குழந்தையால் தானாக எழ முடியாது. ஆகவே மலத்தைக் கழிப்பறையில் உதறி, கைத்தூவியால் பீய்ச்சி அகற்றிவிட்டு, துணியைப் பிழிந்து, தண்ணீர் இல்லாத மூடிபோட்ட வாளியில் போட்டு வையுங்கள். நாள்தோறும் துவைத்துவிடுங்கள், இரண்டாம் நாளைத் தாண்ட விடாதீர்கள். இன்னொரு காரணம், துவைத்தபின் துணிக்குள் தங்கிவிடும் சலவைத் தூள். அதன் மீது சிறுநீர் மீண்டும் மீண்டும் படும்போது, துவைத்த துணி நனைந்ததுமே நாற்றம் எழும். இதற்குக் கூடுதலாகத் தூள் போடுவது நோயையே மருந்தாகக் கொடுப்பதைப் போன்றது. தூள் எதுவும் போடாமல் வெந்நீரில் மட்டும் இரண்டு மூன்று முறை அலசுங்கள். முதல் அலசலில் எழும் நுரையைப் பார்த்தாலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

சொரசொரப்புக்குக் காரணம் போர் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்புக் கட்டியோடு சேர்ந்து, கரையாத வெள்ளைக் கசடாகத் துணியில் படிகின்றன. அத்தகைய நீருக்குச் சோப்புக் கட்டியைவிட டிடர்ஜென்ட் தூள் பொருத்தமானது. கசடு குறைவாகப் படியும். துவைப்பதைப் போர் தண்ணீரில் செய்து, கடைசி அலசலை மட்டும் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரிலோ பிடித்து வைத்த மழைநீரிலோ செய்தாலே துணி வேறாகிவிடும். காய்ந்த துணியை இரண்டு கைகளாலும் நன்றாகக் கசக்கிவிட்டு மடியுங்கள்.

துவைக்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். எடுத்த எடுப்பில் வெந்நீரை ஊற்றினால் மலத்தில் உள்ள புரதம் வெந்து, கறை இழையிலேயே பிடித்துக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு கை பொறுக்காத சூட்டில், இயந்திரமாக இருந்தால் 60 டிகிரியில், டிடர்ஜென்டுடன் துவைத்து, நுரை அறவே போகும் வரை அலச வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மஞ்சள் கறை சலவையில் முழுதாகப் போகாது. அதற்காக வெளுப்புத் தூளைத் தேடாதீர்கள். ஈரத்துணியை மொட்டை மாடியில் நேர் வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் விரித்துப் போட்டால் கறை தானாக மங்கிவிடும். சித்திரை வெயிலால் நமக்குள்ள தொல்லைகளுக்கிடையே இது ஒரு பெரிய உதவி.

மழைக்காலத்தில் அந்த உதவி இராது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. அந்நாட்களில் இரண்டடுக்குத் துணி கொடியில் ஒன்றரை நாள் கிடந்தாலும் தையல் ஓரத்தில் ஈரம் நிற்கும். அறுபது துணிகள் வேண்டும் என்று பெரம்பூர் வாசகிக்குச் சொன்னது இதனால்தான். மழை மாதங்களுக்கென்று ஒற்றை அடுக்கில், ஓரம் மட்டும் அடித்த துணிகள் இருபது வைத்துக்கொண்டு, பயன்படுத்தும்போது இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். மின்விசிறியின் கீழ் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். முக்கால் பங்கு காய்ந்ததை இஸ்திரி போட்டு முழுவதுமாக உலர்த்துங்கள். அந்தச் சூட்டில் கிருமிகளும் பூஞ்சையும் பெரும்பாலும் அழியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரமும் தண்ணீரும் இல்லாமல் போனதை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாட்களுக்கு ஒரு பொட்டலம் வெட் வைப்ஸ் வீட்டில் இருப்பதில் எந்தத் தவறும் இல்லை. வெள்ள நீர் பட்ட துடைதுணியை மட்டும் மீண்டும் குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

நாங்கள் இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். துணி துவைக்க வரும் அம்மாவிடம் இவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் அவர் முகம் சுளிக்கிறார். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?
— வாசகி, அண்ணா நகர்

அவருக்குப் புரியவைக்க ஏதும் இல்லை என்றே கருதுகிறேன். உங்கள் குழந்தையின் மலத்தைக் கையால் அலசும் வேலைக்கு அவர் ஒப்புக்கொண்டு வரவில்லை. மலம் பட்ட துணியைக் கழிப்பறையில் அலசிப் பிழிந்து வைப்பதைப் பெற்றோரான நீங்களும் உங்கள் கணவரும் மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு துணிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதன் பிறகு மிஞ்சும் சலவைக்கு அவர் சம்மதித்தால், கூடுதல் துணிக்குக் கூடுதல் ஊதியம் பேசி, கையுறையும் வாங்கிக் கொடுங்கள். சம்மதிக்கவில்லை என்றால் இயந்திரத்தில் போட்டுவிடுங்கள். அதுவும் இயலாத வாரங்களில் துணியைக் கைவிட்டுப் பொட்டலத்துக்குப் போவது, ஒருவரை வருத்தித் துணியைத் தொடர்வதைவிட மேலானது.

வெளியே போகும்போது எப்படி எடுத்துச் செல்வது?
— வாசகி, தாம்பரம்

உலர்ந்த துணிகள் பத்து, ஒரு சிறு பாட்டிலில் காய்ச்சிய தண்ணீர், அழுக்குத் துணிக்கு இழுத்துக் கட்டும் நீர்புகாத பை ஒன்று. மின்சார இரயிலில் கையோடு வைத்துக்கொள்ள, காலையில் நனைத்துப் பிழிந்த மூன்று துணிகளை மூடி இறுகிய டிபன் டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். மிஞ்சியவை மாலையில் சலவைக்குப் போக வேண்டும், மறுநாளுக்கு ஆகாது.

கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடலாம் என்று பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும்போது வெட் வைப்ஸால் யாருக்கு என்ன கேடு? துணி துவைக்கும் தண்ணீர்தானே வீண்? 2019 கோடையை மறந்துவிட்டீர்களா?
— வாசகர், மயிலாப்பூர்

மறக்கவில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு நின்ற கோடை அது. தண்ணீரைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் கைக்குழந்தை உள்ள வீட்டில் குழந்தையின் உடுப்பும் விரிப்பும் தொட்டில் துணியும் எப்படியும் நாள்தோறும் சலவைக்குப் போகின்றன. கைக்குட்டை அளவுள்ள இருபது துணிகள் அதோடு சேர்வதால் முதல் அலசலுக்கு ஏறத்தாழ ஒரு வாளித் தண்ணீர் கூடும், அவ்வளவே.

அச்சிட்ட வரியை நம்பி எந்த வெட் வைப்ஸையும் கழிப்பறையில் போடாதீர்கள். கழிப்பறைக் காகிதம் தண்ணீரில் கரைந்து பிரிந்துவிடும். ஆனால் வெட் வைப்ஸில் பெரும்பாலானவை பாலியஸ்டர் போன்ற செயற்கை இழைகள் கலந்தவை என்பதால் கிழியாமல் சென்று, குழாயில் எண்ணெய்ப் பிசுக்கோடு திரண்டு அடைத்துக்கொள்ளும். அடைத்த சாக்கடையைத் திறக்க இயந்திரம் வருமுன் ஒரு மனிதரை அழைக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கியவர்கள் விஷவாயுவால் இறந்த செய்திகளை நம் மாநிலத்திலிருந்தே நாம் படித்து வருகிறோம். நம் வீட்டுக் குழந்தையைத் துடைத்த ஒன்று அந்த அடைப்பில் இருக்கக் கூடாது என்பதே துணியை நான் வற்புறுத்துவதற்கு முதல் காரணம். செலவு மிச்சமாவதெல்லாம் அதற்குப் பிறகுதான். பொட்டலத்தைப் பயன்படுத்த நேரும்போது, திடக்கழிவு விதிகள் டயப்பர் போன்ற கழிவுகளுக்குச் சொல்வதைப் போலவே, அதையும் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குவிந்த குப்பை மலைகளைப் பார்த்தவர்களுக்கு, அதுவும் முழுத் தீர்வில்லை என்பது தெரியும்.

துணிக்கு மாறிய பிறகும் குழந்தைக்குத் தோல் சிவந்திருக்கிறது. துணிதான் காரணமா?
— வாசகி, போரூர்

துணியாகவும் இருக்கலாம், துடைக்கும் விதமாகவும் இருக்கலாம். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பெண் குழந்தையை எப்போதும் முன்னிருந்து பின்னாக மட்டுமே துடையுங்கள். ஆண் குழந்தையின் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிச் சுத்தம் செய்ய முயலாதீர்கள். துடைத்தபின் உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றிவிட்டு, சிறிது நேரம் காற்றாட விடுங்கள். முகப்பவுடர் போடாதீர்கள்; அந்தத் தூசி குழந்தையின் மூச்சுக்குழலுக்குள் போகும். தொடையிடுக்கின் மடிப்புக்குள்ளேயே செக்கச் சிவந்து, சுற்றிலும் சிறு சிறு புள்ளிகள் தோன்றியிருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். கொப்புளம், சீழ், காய்ச்சல் எதுவானாலும், இரண்டு மூன்று நாட்களில் சிவப்பு தணியாவிட்டாலும், இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழந்தை வளர்ந்துவிட்டது. துணிகளை அடுத்த குழந்தைக்கு எடுத்து வைக்கலாமா?
— வாசகி, ஆவடி

முகம் துடைத்தவற்றை வைக்கலாம். சிவப்பு நூல் துணிகளில் நைந்தவற்றைக் கழித்துவிட்டு, மற்றவற்றை ஒரு முறை கொதிநீரில் இட்டு, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, பழைய தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி வையுங்கள். பூச்சி வராமலிருக்க, நன்றாகக் காய்ந்த வேப்பிலையைத் தனியாக ஒரு சிறு துணி முடிச்சில் கட்டி உறைக்குள் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும். அந்த உறையைப் பாச்சை உருண்டை போட்ட பீரோவில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.